எழுதப்படாத மணி நேரங்கள்: குடிமை உரிமை, அரசு அடக்குமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிமை உரிமை, ஜனநாயக உரிமை, மனித உரிமை எல்லாம் ஒன்றுதானே?

பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துதான் கிடக்கும். பேசுவது, எழுதுவது, கூடுவது, சங்கம் வைப்பது, காரணம் சொல்லாமல் சிறையில் தள்ளப்படாமல் இருப்பது என்று அரசின் கையிலிருந்து நம்மைக் காக்கிறவற்றைக் குடிமை உரிமை என்கிறோம். ஜனநாயக உரிமை என்பவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், நிலத்துக்கும் கூலிக்கும் திரண்டு போராடுவதையும் அதில் சேர்ப்பார்கள். 1976இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பின் பெயரில் இரண்டு சொற்களுமே இருந்தன. சில ஆண்டுகளில் அது ஆளுக்கொரு சொல்லை எடுத்துக்கொண்டு இரண்டு அமைப்புகளாகப் பிரிந்தது. அந்த விவாதம் இங்கே வேண்டாம். லாக்கப்பில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது. அதை எப்படி அடக்குமுறை என்பீர்கள்?

அடக்குமுறை என்றால் சட்டத்தை மீறித்தான் வரும் என்று நினைக்கிறோம். பல நேரம் அது அரசிதழில் அச்சாகி, எண்ணும் தேதியும் போட்டுக்கொண்டுதான் வருகிறது. 'தற்காலிகமாக' என்ற சொல்லும் கூடவே வரும். முதல் உலகப் போருக்கென்று எடுத்துக்கொண்ட அதிகாரங்களைப் போர் முடிந்த பிறகும் விட மனமில்லாமல் ஆங்கிலேய அரசு 1919இல் கொண்டுவந்ததுதான் ரௌலட் சட்டம். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்றே ஆண்டுக்கு என்று வந்தது, 1982இல் நிரந்தரமானது. எகிப்தில் 1981இல் அறிவித்த நெருக்கடி நிலை 2012 வரை நீடித்தது. சிரியாவில் 1963 முதல் 2011 வரை. அறிவித்த அன்று பிறந்த குழந்தை பேரன் பேத்தி எடுக்கும் அளவுக்கு நீண்ட 'தற்காலிகம்' அது.

அதனால் ஒரு சட்டம் வந்தால் அதன் நோக்க உரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நோக்கம் எப்போதும் நல்லதாகத்தான் எழுதப்பட்டிருக்கும். குற்றம் எது என்பது தெளிவாக இருக்கிறதா, இல்லை யாரை வேண்டுமானாலும் அதற்குள் அடைக்கலாமா என்று பாருங்கள். பிடித்து வைத்தவரை ஒரு நீதிபதி எப்போது பார்க்க முடியும் என்று தேடுங்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகிறதா என்று பாருங்கள். இலங்கைச் சட்டத்தில் உதவிக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தது செல்லும் என்று வைத்தார்கள். எத்தனை பேர் எப்படி ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்பதை அந்த ஒரு பிரிவே சொல்லிவிடும்.

நீதிமன்றம் இருக்கிறதே என்றால், அதுவும் எப்போதும் கைகொடுக்காது. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றிச் சிறையில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு (பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் மனு) போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28 அன்று முடியாது என்றது. அந்த வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா, சொந்தப் பகையால் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றால்கூட நிவாரணம் கிடையாதா என்று கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்றுதான் அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே பதில் சொன்னார். நான்கு நீதிபதிகள் அதை ஏற்றார்கள், கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா பதவி விலகினார். அந்தத் தீர்ப்பு தவறு என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது 2017இல். தீர்ப்பு வந்து 41 ஆண்டு கழித்து.

தப்பு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்?

எது தப்பு என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை என்பதால். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள். ஆளாளுக்குக் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது; முகமும் பெயரும் போதுமானதாக இருந்தன. 1944இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. 1988இல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது.

கைதான முதல் சில மணி நேரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறீர்கள்?

அடி விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என்பதால். "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்று ஒருவரை அழைத்துப் போகிறார்கள். காகிதத்தில் அவர் இன்னும் கைதாகவில்லை. நாள் கழித்து வேறு ஓர் இடத்தில், வேறு ஒரு நேரத்தில் கைதானதாக எழுதுவார்கள். இடையில் போன மணி நேரங்களுக்குக் கணக்கு இல்லை. அந்த நேரத்தில் அவர் உலகத்திலேயே இல்லை என்றுதான் அர்த்தம். உரிமைக் காப்புப் பணியில் பாதி, இந்த எழுதப்படாத நேரத்தை எழுத வைப்பதுதான் என்பது என் கருத்து. மேடைப் பேச்சு, கண்டன அறிக்கை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே, வீட்டில் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது அழுவதோ ஓடுவதோ அல்ல (இரண்டும் நடக்கும், இயல்புதான்). ஒரு தாளை எடுத்து, கூட்டிப் போன நேரம், இடம், வந்தவர்கள் எத்தனை பேர், சீருடையில் இருந்தார்களா, வண்டி எண், போகும்போது அவர் போட்டிருந்த உடை, உடம்பில் ஏற்கனவே காயம் இருந்ததா, தினமும் சாப்பிடும் மருந்து என்ன, பார்த்தவர்கள் யார் என்று எழுதுங்கள். நினைவு மறுநாளே மாறத் தொடங்கிவிடும். அடுத்து, அதை நேரம் பதிவாகும் வழியில் மேலதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் மனித உரிமை ஆணையம் இருந்தால் அதற்கும் அனுப்புங்கள். ஒரு காலத்தில் இதற்குத் தந்தி இருந்தது. கைதானதாகப் போலீஸ் காட்டிய நேரத்துக்கு முந்தைய முத்திரை தந்தியில் இருந்தால் அதுவே வழக்கைத் திருப்பிவிடும். இந்தியாவில் 2013இல் தந்தியை நிறுத்தியபோது மற்றவர்கள் பழைய நினைவுகளை எழுதினார்கள். நான் இந்த முத்திரையைத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது மின்னஞ்சல்தான்.

உள்ளே இருப்பவருக்கும் சில உண்டு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. படிக்காமலும் போடக் கூடாது. நீதிபதி முன் நிறுத்தும்போது காயம் இருந்தால் அங்கேயே சொல்லிப் பதியச் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே அடித்தவர் நிற்கும்போது இதைச் சொல்வது எளிதல்ல என்று தெரியும். அதனால்தான் அந்த அறையில் ஒரு வழக்கறிஞர் இருப்பது பெரிய விஷயம்.

எத்தனை மணி நேரத்தில் நிறுத்த வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்திய அரசமைப்பு, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரம் என்கிறது. 1966இல் ஐ.நா. ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை 'தாமதமின்றி' என்கிறது. அதைக் கண்காணிக்கும் குழு, சாதாரணமாக 48 மணி நேரம் போதும் என்று விளக்கம் சொல்லியிருக்கிறது. கைதைக் குறிப்பாணையாக எழுதி, சாட்சி ஒருவர் கையெழுத்திட்டு, உறவினருக்குச் சொல்லி, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996இல் சொன்னது. இவை அத்தனையும் எழுத்துதான் என்பதைக் கவனியுங்கள். அடிக்காதே என்று மட்டும் சொல்லி விட்டிருந்தால் அந்தத் தீர்ப்பை யாரும் சட்டை செய்திருக்க மாட்டார்கள்.

ஆட்கொணர்வு மனு தள்ளுபடியாகும் என்று தெரிந்தும் ஏன் போட வேண்டும்?

முதலில் அது என்ன என்று பார்ப்போம். 'நீ பிடித்து வைத்திருக்கும் ஆளை என் முன் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறாய் என்று சொல்' என்று நீதிமன்றம் காவலில் வைத்தவருக்கு இடும் கட்டளை. ஹேபியஸ் கார்ப்பஸ் என்ற லத்தீன் பெயரில் பழைய இங்கிலாந்தில் உருவாகி, 1679இல் தனிச் சட்டமாகப் பலம் பெற்றது. குற்றவாளியா நிரபராதியா என்பது இதில் கேள்வியே இல்லை. ஆள் எங்கே என்பதுதான் கேள்வி.

தோற்பதற்கு வருவோம். சிலியில் 1973இல் ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் போனவர்களுக்காகத் தேவாலயத்தோடு சேர்ந்த வழக்கறிஞர்கள் மனுக்களைப் போட ஆரம்பித்தார்கள். 1976இல் கர்தினால் ரவுல் சில்வா என்ரிகெஸ் அதற்கென்றே ஓர் அலுவலகத்தைத் திறந்தார். ஆயிரக்கணக்கான மனுக்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. பார்ப்பவருக்கு வீண் வேலையாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு மனுவிலும் ஒரு பெயர், ஒரு தேதி, பார்த்த சாட்சி, அரசு கொடுத்த பதில் எல்லாம் இருந்தன. 1990இல் சர்வாதிகாரம் முடிந்து உண்மை ஆணையம் உட்கார்ந்தபோது, அதன் மேசையில் அந்தக் கோப்புகள்தான் இருந்தன. பின்னால் வந்த வழக்குகளுக்கும் அவைதான் ஆதாரம்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துப் போனது. அப்பா ஈச்சர வாரியர் ஏறாத படி இல்லை. நெருக்கடி நிலை முடிந்த கையோடு 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசு தரப்பு பிரமாணம் செய்தது. கைதானதைப் பார்த்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். நீதிமன்றம் அவர்களை நம்பியது. ஆளைக் கொண்டுவர அரசால் முடியவில்லை. ராஜன் கக்கயம் முகாமில் செத்துப்போயிருந்தார். முந்தைய ஆட்சியில் உள்துறையைக் கையில் வைத்திருந்து, அப்போதுதான் முதல்வராகியிருந்த கே. கருணாகரன், அந்த ஏப்ரலிலேயே பதவி விலக நேர்ந்தது. ராஜனின் உடல் மட்டும் கிடைக்கவே இல்லை.

வெறுப்பைக் கக்குகிறவர்களுக்கும் பேச்சுரிமை கேட்பீர்களா?

வன்முறைக்கு நேரடியாகத் தூண்டுவதை யாரும் பேச்சுரிமை என்று சொல்வதில்லை. அதற்கு இந்தப் பக்கம் உள்ள வெறுப்புப் பேச்சில்தான் உரிமை இயக்கங்களே ஒத்துப்போவதில்லை. 1977இல் அமெரிக்காவில் ஒரு நாஜிக் குழு, யூதப் படுகொலையிலிருந்து தப்பி வந்தவர்கள் பலர் வாழ்ந்த ஸ்கோக்கி என்ற ஊரில் ஊர்வலம் போக அனுமதி கேட்டது. ஊர் நிர்வாகம் மறுத்தது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் அந்தக் குழுவுக்காக வாதாடியது. முன்னின்ற வழக்கறிஞரே ஒரு யூதர். சங்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் விலகினார்கள். கடைசியில் வழக்கில் ஜெயித்தும் அந்த ஊர்வலம் ஸ்கோக்கியில் நடக்கவில்லை. ஐரோப்பிய நாடுகள் பல இதற்கு நேர்மாறான முடிவை எடுத்து, படுகொலையை மறுப்பதையே குற்றமாக்கியிருக்கின்றன.

என் சாய்வு எந்தப் பக்கம் என்றால், ஊர்வலத்துக்குத் தடை போடும் அதிகாரத்தை ஓர் அதிகாரியிடம் கொடுத்துவிட்டால், அவர் அதை அடுத்த முறை யார் மீது போடுவார் என்று பார்ப்பேன். பெரும்பாலும் அது பலவீனமானவர் மீதுதான் விழுகிறது. ஆனால் ஸ்கோக்கியின் அந்த முதியவர்களிடம் போய் இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

அரசை மட்டும் கேட்கிறீர்களே, ஆயுதக் குழுக்கள் செய்யும் கொலைகள் கண்ணுக்குத் தெரியாதா?

இது நியாயமான கேள்வி. பல சமயம் கெட்ட நோக்கத்தோடு கேட்கப்படுகிறது என்பதாலேயே நியாயமற்றதாகிவிடாது. வழக்கமான பதில் இது: அரசு நம் பெயரில், நம் வரிப் பணத்தில், சட்டத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு செய்கிறது, ஆகவே அதைக் கேட்பது நம் கடமை, தனிக் குழு கொன்றால் பிடித்துத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, அரசே கொன்றால் யாரிடம் போவது? சரிதான். ஆனால் ஒரு குழு ஒரு பகுதியையே தன் பிடியில் வைத்து, வரி வாங்கி, தண்டனையும் கொடுக்கத் தொடங்கிவிட்டால் இந்தப் பதில் போதாது. ஆந்திராவில் உரிமைச் செயற்பாட்டாளர் கே. பாலகோபால் இதைத்தான் வாதிட்டார். போலி மோதல்களை (என்கவுன்டர் கொலைகளை) ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்த அதே மனிதர், நக்சல் அமைப்புகளின் வன்முறையையும் கேட்க வேண்டும் என்றார். அந்தக் கருத்து வேறுபாட்டில் பழைய அமைப்பிலிருந்து வெளியேறி 1998இல் மனித உரிமைகள் பேரவையைத் தொடங்கினார்.

யாழ்ப்பாணத்தில் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு இன்னும் கடினமான இடத்தில் நின்றது. இலங்கைப் படை, இந்திய அமைதிப் படை, தமிழ் இயக்கங்கள் என்று யார் செய்ததையும் அது விடாமல் பதிவு செய்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நாட்டுக்கு உண்மையிலேயே ஆபத்து வந்தால்?

வரலாம். அப்போது சில உரிமைகளைக் கொஞ்ச காலம் சுருக்கலாம் என்று பன்னாட்டு உடன்படிக்கையே ஒத்துக்கொள்கிறது. ஆனால் சித்திரவதைக்கு எந்த நெருக்கடியிலும் இடமில்லை. 1984இன் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, போரானாலும் உள்நாட்டுக் குழப்பமானாலும் சாக்கு ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறது. இந்தியா இதில் 1997இல் கையெழுத்திட்டதோடு சரி, உறுதி செய்யவில்லை.

அடைத்தால் ஆபத்து குறையும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். வட அயர்லாந்தில் 1971 ஆகஸ்ட் 9 அன்று விசாரணையின்றி அடைக்கும் திட்டத்தைத் தொடங்கி, முதல் வேட்டையில் 342 பேரைப் பிடித்தார்கள். உளவுத் துறைப் பட்டியல் பழையது. ஆயுதத்தைக் கைவிட்டுப் பல காலம் ஆனவர்களும், எந்தத் தொடர்பும் இல்லாதவர்களும் சிக்கினார்கள். தலையில் முகமூடி மாட்டி, சுவரில் சாய்த்து நிற்க வைத்து, இரைச்சலைப் போட்டு, தூக்கத்தையும் சோற்றையும் மறுத்து 14 பேரை விசாரித்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டுக்கு முந்தைய ஏழு மாதங்களை விட, பிந்தைய மாதங்களில் கொலைகள் பல மடங்காகின. 1975 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டபோது, அதுவரை அடைக்கப்பட்டவர்களின் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய 2,000.

உண்மையறியும் குழு என்றால் நாலு பேர் போய்ப் பார்த்துவிட்டு அறிக்கை விடுவதுதானே?

அப்படியும் நடக்கிறது. போகும் வழியிலேயே முடிவை எழுதிவிடுகிறவர்கள் எல்லா அமைப்பிலும் இருக்கிறார்கள். அந்த அறிக்கைகள் யாருக்கும் உதவுவதில்லை.

இந்த வேலையின் தரம் தெரிய வேண்டுமானால் சோவியத் ஒன்றியத்தில் 1968 ஏப்ரலில் தொடங்கிய 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' என்ற ரகசிய இதழைப் பார்க்கலாம். முதல் ஆசிரியர் கவிஞர் நதாலியா கொர்பனேவ்ஸ்கயா. தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து அடித்த பிரதி; கிடைத்தவர் மறுபடி அடித்து அடுத்தவருக்குக் கொடுப்பார். செய்தி அனுப்ப வேண்டுமா? உங்களுக்கு இதழ் தந்தவரிடம் சொல்லுங்கள், அவர் தனக்குத் தந்தவரிடம் சொல்வார். சங்கிலியை நீங்களே பின்தொடர்ந்து போகாதீர்கள், உளவாளி என்று நினைத்துவிடுவார்கள் என்றும் இதழிலேயே எழுதியிருந்தார்கள். நடையில் கோபமே இருக்காது. யார், எந்தப் பிரிவில், எந்த நாளில், எந்தச் சிறையில் என்பது மட்டும்தான். முந்தைய இதழில் பிழை இருந்தால் அடுத்ததில் திருத்தம் வரும். ஆசிரியரை மனநல மருத்துவமனையில் அடைத்த அரசை எதிர்கொண்டபடியே பிழைதிருத்தம் போட்டவர்கள் அவர்கள்! 1980களின் தொடக்கம் வரை இதழ் வந்தது.

ஆக, பார்த்ததையும் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். போலீஸ் தரப்பையும் கேளுங்கள். பேச மறுத்தால் மறுத்தார்கள் என்று எழுதுங்கள். எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். பத்துப் பேரைப் பன்னிரண்டு என்று எழுதினால், அந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு மற்ற பத்தையும் பொய்யாக்கிவிடுவார்கள்.

போனில் வீடியோ எடுத்துப் போட்டால் போதாதா?

எடுங்கள். ஆனால் வெட்டாத மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். போடும் முன் அதில் யார் முகம் தெரிகிறது என்று பாருங்கள். நீங்கள் ஆதாரம் என்று போட்டதை வைத்தே போலீஸ் அடுத்த கைதுப் பட்டியலைத் தயாரிக்கலாம்.

பயமாக இருக்கிறது. குடும்பம் இருக்கிறது.

பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 1977 ஏப்ரல் 30 அன்று அர்ஜென்டினாவில், பிள்ளைகளைத் தொலைத்த 14 பெண்கள் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கத் தடை, நடங்கள் என்று போலீஸ் சொன்னது. இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு வாராவாரம் வியாழக்கிழமை அந்த நடை தொடர்ந்தது. இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவது வழக்கம். மீதியும் இருக்கிறது. அண்ணனைத் தொலைத்த தம்பி என்று சொல்லிக்கொண்டு ஒரு கடற்படை அதிகாரி அவர்களுக்குள் வந்து சேர்ந்தார். அந்த டிசம்பரில், முதலில் கூட்டிய அசுசேனா வில்லாஃப்ளோர் உட்படப் பலர் கடத்தப்பட்டார்கள். அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2005இல். மற்ற தாய்மார்கள் அடுத்த வியாழனும் நடந்தார்கள்.

எல்லோராலும் அது முடியாது, முடியவும் வேண்டாம். கைதானவர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறவர், வாய்தாவுக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர், கோப்புகளைப் பிரதி எடுத்து வைப்பவர் இல்லாமல் எந்த வழக்கும் ஓடியதில்லை. தன்னால் எதுவரை முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறவரை, பாதி வழியில் காணாமல் போகிறவரை விட நம்பலாம்.

இதெல்லாம் எப்போது பலன் தரும்?

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஆசிரியர் அகமது திமோல், 1971 அக்டோபர் 27 அன்று ஜோகன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தானே குதித்தார் என்று 1972இல் விசாரணை நீதிமன்றம் எழுதியது. குடும்பம் அதை ஏற்கவில்லை. தாய் 1996இல் உண்மை ஆணையத்தின் முன் வந்து பேசினார். அப்புறம் திமோலின் சகோதரி மகன் ஒருவர் விடாமல் பழைய ஆவணங்களைத் தேடிக்கொண்டே இருந்தார். 2017இல் விசாரணை மறுபடி திறக்கப்பட்டது. 1971இன் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புதிய மருத்துவர்கள் படித்தார்கள். அதில் இருந்த காயங்கள் பல, விழுவதற்கு முன்பே ஏற்பட்டவை என்றார்கள். அக்டோபர் 12 அன்று நீதிபதி பில்லி மோத்லே, திமோல் குதிக்கவில்லை, தள்ளப்பட்டார் என்று தீர்ப்பு எழுதினார். அன்று அந்த அறையில் இருந்ததாகச் சொன்ன முன்னாள் போலீஸ்காரர் மீது 2018இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை தொடங்கும் முன் 2021இல் அவரும் இறந்துபோனார்.